கோல சிலாங்கூர்க் கரையின் பிரெஞ்சு மரபு: ஒரு மதிப்பீடு

பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற கடற்கரை மரபு என்றால் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுவன புதுச்சேரியும் காரைக்காலுமே ஆகும். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றியதில் தொடங்கி, 1954இல் ஆட்சி இந்தியாவிடம் கைமாறும் வரை நீண்ட அந்த வரலாறு, நேர்க்கோட்டுத் தெருக்களாகவும் உயர்ந்த மதில் சூழ்ந்த வீடுகளாகவும் இன்றும் கண்முன் நிற்கிறது. கோலாலம்பூருக்கு வடமேற்கே, சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்குமிடத்தில் அமைந்த கோல சிலாங்கூரை இவ்வரிசையில் வைத்து எண்ணுவார் இல்லை. அங்கே பிரெஞ்சு ஆட்சி ஒருநாளும் நடந்ததில்லை என்பதால் அது இயல்பே. ஆனால் மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்ட முதல் தோட்டம் 1917இல் இந்த ஆற்றுப்படுகையில்தான் உருவானது. பிரான்சின் மிக உயர்ந்த இலக்கியப் பரிசாகக் கருதப்படும் கோன்கூர் பரிசை 1930இல் வென்ற நாவலும் இதே ஆற்றங்கரை வாழ்விலிருந்துதான் பிறந்தது. தோட்டத்தைத் தொடங்கியவரும் நாவலை எழுதியவரும் ஒருவரே. அவருடைய தோட்டங்களில் மரம் நட்டவர்களிலும் ரப்பர்ப் பால் வெட்டியவர்களிலும் பெரும் பகுதியினர் தமிழர். இக்கரையின் மரபு இதுவரை எவ்வாறு கணக்கிடப்பட்டு வந்துள்ளது, அக்கணக்கில் தோட்டம் ஏன் இடம்பெறவில்லை, அதை எவ்வாறு சேர்ப்பது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

கோல சிலாங்கூருக்கு வரும் பயணியிடம் முதலில் காட்டப்படுவது புக்கிட் மெலாவாத்தி என்னும் குன்று. ஆற்றுமுகத்தையும் கடலையும் ஒருசேரக் கண்காணிக்க வாய்ப்பான இக்குன்றில் புகிஸ் இனத்தின் வழிவந்த சிலாங்கூர் சுல்தான்கள் கோட்டை அமைத்திருந்தனர். 1784இல் மலாக்காவைப் புகிஸ் படைகள் முற்றுகையிட்டதற்குப் பதிலடியாக ஒல்லாந்தர் இக்கோட்டையைக் கைப்பற்றி, பத்தாவியாவிலிருந்த தம் தலைமை ஆளுநரின் பெயரால் அதனை அல்ட்டிங்ஸ்பர்க் என்று அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். ஒல்லாந்தர் ஆற்றுமுகத்தை மறித்து நெருக்கியதன் விளைவாக 1786இல் உடன்பாடு ஏற்பட்டது. 1871இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ரினால்டோ இங்கே குண்டு வீசியது. இன்று பீரங்கிகளும், மதில் எச்சங்களும், ஒரு கலங்கரை விளக்கமும், முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகளும் அக்குன்றில் உள்ளன. குட்டிகள் செம்மஞ்சள் நிறத்தில் பிறக்கும் லூத்தோங் குரங்குகளும் பயணிகளின் கையிலிருந்து தீனி வாங்கித் தின்கின்றன. போர்களையும் அரச வம்சத்தையும் பொறுத்தவரை இவ்விடத்தின் வரலாறு ஓரளவு நன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டாவதாகக் காட்டப்படுவது இயற்கை. குன்றின் அடிவாரத்தில் 1987இல் உருவான சதுப்புநிலப் பூங்காவும், வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களும் பலரும் அறிந்தவையே. கம்போங் குவாந்தானின் மின்மினிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்ட வரலாறு இயற்கை வரலாற்றோடு பிணைந்துகிடப்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும் இப்பூச்சிகள் தம் வாழ்நாள் முழுவதையும் அம்மரத்தில் கழிப்பதில்லை. அவற்றின் புழுக்கள் கரைக்குப் பின்னாலுள்ள ஈரநிலத்தில், ரும்பியா எனப்படும் சவ்வரிசிப் பனைகளின் நிழலில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே கரையோர மரத்தை மட்டும் விட்டுவைத்துப் பின்னாலுள்ள நிலத்தை வெட்டித் திருத்திச் செம்பனை நட்டால், மரம் இருந்தும் மின்மினி இருக்காது. இரவில் படகில் செல்லும் பயணி வியந்து பார்க்கும் ஒளிக்கும், பகலில் சாலையோரம் முடிவின்றி நீளும் பனை வரிசைகளுக்கும் உள்ள உறவு இத்தகையது. அந்தப் பனை இங்கே எப்படி வந்தது என்று விளக்காத எந்தச் சுற்றுலாவும் இந்நிலத்தின் பாதிக் கதையையே சொல்கிறது.

கதையின் மறுபாதி பிரான்சின் மேற்குப் பகுதியில் தொடங்குகிறது. கொன்யாக் என்னும் திராட்சைச் சாராயத்தால் பெயர்பெற்ற ஷராந்த் வட்டாரத்தில், ஷராந்த் ஆறு ரொஷ்ஃபோர் துறைமுகத்தைத் தொட்டு அட்லாண்டிக்கில் கலக்கிறது. அதற்கு வடக்கே லா ரொஷெல் என்னும் பழைய வணிகத் துறைமுகம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி அங்குள்ள திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அவ்வட்டாரத்தின் பார்பெசியூ என்ற சிற்றூரில் 1879இல் பிறந்த ஆன்றி ஃபொகோனியே, சில காலம் இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்துவிட்டு, போர்னியோவில் சவ்வரிசிப் பனை பயிரிடும் எண்ணத்தோடு 1905இல் கிழக்கே புறப்பட்டார். சிங்கப்பூரை அடைந்தபோதோ, எதிர்காலம் ரப்பரில்தான் இருக்கிறது என்ற பேச்சே எங்கும் அடிபட்டது. அவர் வழியை மாற்றிக்கொண்டு, கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலைக் கற்று, கோல சிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பெற்றுக் காட்டைத் திருத்தினார். தம் ஊர் நண்பர்களையும் அங்கே வரவழைத்துக்கொண்டார்; தாம் கட்டிய வீட்டுக்குப் பனைகளின் வீடு என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் சூட்டினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த அத்ரியான் ஹாலே என்னும் முதலீட்டாளரின் துணையால் அம்முயற்சி பெருநிறுவன அளவுக்கு வளர்ந்தது. ஹாலே 1909இல் தொடங்கிய சொக்ஃபின் நிறுவனம் மலாயா, சுமத்ரா, ஆப்பிரிக்கா எங்கும் ரப்பர், பனைத் தோட்டங்களை நடத்திய பிரெஞ்சு, பெல்ஜிய மூலதனக் கூட்டு ஆகும்.

மூலதனம் பாரிசிலிருந்தும் பிரசல்சிலிருந்தும் வந்தபோது உழைப்பு நாகப்பட்டினம் வழியாகவும் சென்னை வழியாகவும் வந்தது. கங்காணி முறையில், தோட்டத்திலேயே வேலை செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்து வருவார். அவர்கள் வேலைக்கு வரும் நாள்களைக் கணக்கிட்டு அவருக்குத் தலைக்காசு என்ற கூலியும் கிடைக்கும். மலாயா அரசாங்கம் 1907இல் தமிழர் குடிவரவு நிதியை உருவாக்கி, தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துக் கப்பல் செலவை ஏற்றது. அதற்கு முன்பிருந்த ஒப்பந்தக் கூலி முறை, அதாவது பயணக் கடனுக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு உழைக்கும் முறை, 1910இல் நிறுத்தப்பட்டது. இந்திய அரசாங்கம் 1938இல் கங்காணி ஆள்சேர்ப்பைத் தடைசெய்யும்வரை இந்த ஓட்டம் தொடர்ந்தது. இவ்வாறு வந்தவர்கள் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியமர்ந்தனர்; விடியுமுன் நடக்கும் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு வந்து நின்றனர்; கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்காட்டுக்குச் சென்றனர். துரை, எழுத்தரான கிராணி, கங்காணி என்னும் மூன்று படிகளுக்குக் கீழே அவர்களின் உலகம் அமைந்தது. துரை ஆங்கிலேயராயினும் பிரெஞ்சுக்காரராயினும் இந்த அமைப்பு பெரிதும் ஒன்றாகவே இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிரெஞ்சு மரபு என்ற சொல்லில் ஒட்டிக்கொள்ளும் நளினத்தை மட்டும் எடுத்துக்கொண்டு லயத்தை மறப்பது வரலாறு ஆகாது.

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட செம்பனையின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த பனைகள் சுமத்ராவின் டெலி வட்டாரத்தில் புகையிலைத் தோட்டங்களின் சாலையோரங்களை அழகுபடுத்தும் மரங்களாகப் பரவின. அழகுக்காக நடப்பட்ட அம்மரங்கள் ஆப்பிரிக்கப் பனைகளைவிடச் செழிப்பாகக் காய்ப்பதை ஹாலே கவனித்து, 1911இல் சுமத்ராவில் வணிகப் பயிராக்கினார். அதே காலத்தில் ஃபொகோனியே அங்கிருந்து விதை பெற்று வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். பின்னர் 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், காப்பி சரிவராமல் போன நிலத்தில், வணிக அளவில் செம்பனை நடப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படுகிறது. தமிழ்ப் பெயரே தாங்கிய அந்தத் தோட்டத்தைத்தான் மலேசிய அரசும் தொழில்துறையும் செம்பனைத் தொழிலின் பிறப்பிடமாகக் கொள்கின்றன. 2017இல் அத்தொழிலின் நூற்றாண்டும் கொண்டாடப்பட்டது. இன்று நாட்டில் 50 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் பரவியுள்ள ஒரு பயிரின் தொடக்கப் புள்ளி இது என்பதை எண்ணும்போது, உலகப் பொருளாதாரத்தை இந்த அளவுக்கு மாற்றிய வேறோர் இடம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

பயிர் மாறியபோது வேலையும் மாறியது. வேலையோடு குடும்பமும் மாறியது. ரப்பர் மரத்தில், அதாவது தோட்டத் தமிழில் பால்மரத்தில், பால் நன்றாகச் சுரப்பது வெயில் ஏறுவதற்கு முன்புதான். மரத்தினுள் நீரழுத்தம் அப்போதுதான் மிகுந்திருக்கும். ஆகவே வெட்டு விடியற்காலை வேலையாயிற்று. பட்டையைச் சீராகச் சீவும் அவ்வேலைக்கு வலுவைக் காட்டிலும் கைநுட்பமே தேவைப்பட்டதால், பெண்கள் ஆண்களுக்கு நிகராக வெட்டினர். மங்கு எனப்படும் கிண்ணங்களில் பால் சேகரிப்பதிலும், காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்தெடுப்பதிலும் பிள்ளைகளும் கைகொடுத்தனர். செம்பனையின் இயல்பு வேறு. முற்றிய குலை பல கிலோ எடையுள்ளது. மரம் தாழ்வாக இருக்கும்வரை உளியாலும், உயர்ந்தபின் நீண்ட கழியில் கட்டிய அரிவாளாலும் அதை வெட்டி வீழ்த்த வேண்டும். வெட்டிய பழத்தில் கொழுப்பமிலம் விரைந்து பெருகுவதால் தாமதிக்காமல் ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆலையின் அவசரமே தோட்டத்தின் நேரத்தை முடிவுசெய்தது. ஒரே பரப்பளவுக்கு ரப்பரைவிட மிகக் குறைவான ஆள்களே போதும் என்பதால், 1960களிலிருந்து ரப்பர் விலை சரிந்து, சிலாங்கூர்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்பனைக்கு மாறியபோது லயங்களில் வேலையில்லாதவர் தொகை கூடியது. குலை வெட்டுதல் ஆண்களின் வேலையாயிற்று. பெண்கள் உதிரிப் பழம் பொறுக்குவதற்கும் உரமிடுவதற்கும் மருந்தடிப்பதற்கும் ஒதுக்கப்பட்டனர். நேற்றுவரை தன் வெட்டுக்காட்டின் ஒவ்வொரு மரத்தையும் அறிந்திருந்த தேர்ந்த கைத்தொழிலாளியான ஒரு பெண், மருந்துத் தொட்டியைச் சுமக்கும் நாள்கூலியாக ஆக்கப்பட்டார். 1917இன் நூற்றாண்டைக் கொண்டாடும் எந்த எழுத்தும் இந்த இழப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இனி நாவலுக்கு வரலாம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகக் களத்தில் நின்ற ஃபொகோனியே, 1925இல் துனிசியாவின் ராதெஸ் என்ற ஊரில் குடியேறி, அங்கிருந்தபடியே மலாயா வாழ்வை நாவலாக எழுதினார். பார்பெசியூவைச் சேர்ந்த இளமைக்கால நண்பரான எழுத்தாளர் ஜாக் ஷார்தோன் பங்கேற்று நடத்திய ஸ்டாக் பதிப்பகம் 1930இல் அதனை மலேசி என்ற பெயரில் வெளியிட, அவ்வாண்டே கோன்கூர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. மலாய்ப் பாந்துன்களை, அதாவது நான்கடிச் செய்யுள்களை, நாவலின் உடலோடு பின்னியிருப்பதும், மலாய் மக்களின் மனப்போக்கை ஆழ்ந்து காண முயல்வதும் அதன் தனிச்சிறப்பு என்று திறனாய்வாளர் கருதுவர். அது பொருத்தமான மதிப்பீடே. தோட்டத் தமிழரும் அதில் வருகின்றனர். ஆனால் அவர்கள் துரையின் வராந்தாவிலிருந்து காணப்படுபவர்கள்; மலாயரின் மனத்துக்குள் நுழைய அவ்வளவு முயன்ற எழுத்து, தன் வருவாய்க்கு அடிப்படையாக இருந்த லயத்துக்குள் அதே பொறுமையோடு நுழையவில்லை. பால்மரம் வெட்டியவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கடனைத் தலையில் சுமந்து வந்தார் என்ற கேள்விகளுக்கு விடை வேறிடத்தில்தான் தேடப்பட வேண்டும். அண்டைக் கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அத்தகைய ஒரு விடை. கூலி உயர்வோடு, துரை எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அவர்கள் கோரிக்கையாக இருந்தது. படை வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாவல் வெளிவந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

சொக்ஃபின் தோட்டங்களோடு தொடர்புடைய இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல். பொறியாளரான அவர் 1936 முதல் அந்நிறுவனத்தின் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தார். போருக்குப்பின் 1952இல் எழுதிய குவாய் நதிப் பாலம் பற்றிய நாவலும், 1957இல் அதிலிருந்து எடுக்கப்பட்ட திரைப்படமும் உலகப் புகழ் பெற்றன. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942, 1943இல் அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையே அதன் களம். அந்நாவலும் படமும் பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பற்றியவை. ஆனால் பாதை அமைப்பில் மடிந்தவர்களில் பெரும்பான்மையோர் ஆசியத் தொழிலாளர், அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். மலேசியத் தமிழ் இலக்கியம்தான் இந்த இடைவெளியை நிரப்ப முற்பட்டது: ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம் ஆகிய நாவல்கள் அந்தப் பாதையைத் தோட்டத் தமிழரின் பக்கத்திலிருந்து எழுதின. ஒரே தோட்ட உலகம் பிரெஞ்சில் பரிசும் படமும் பெற்றபோது, தமிழில் அதன் மறுபக்கம் சிறு பதிப்பகங்களின் வழியே, மிகத் தாமதமாக வெளிவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே இம்மரபை அறிவதற்கு நேர்மையான வழி.

மரபுப் பாதுகாப்பில் பிற கடற்கரைகளின் பட்டறிவு இங்கே உதவும். புதுச்சேரியில் பிரெஞ்சு வீடுகளும் தமிழர் தெருக்களின் தாழ்வார வீடுகளும் சேர்த்தே பாதுகாக்கப்பட வேண்டியவை என்ற எண்ணம் வலுப்பெற்று, இரு பகுதிகளிலும் சீரமைப்பு நடந்துள்ளது. ஃபொகோனியேயின் சொந்த வட்டாரத்துக்கு அருகிலுள்ள லா ரொஷெலின் அனுபவம் இன்னும் கூர்மையானது. பழைய துறைமுகக் கோபுரங்களையும் கடலுணவையும் நாடிப் பயணிகள் திரளும் அந்நகரம், 18ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவு வணிகத்தாலும் அடிமை வணிகத்தாலும் செழித்தது. தீவில் தோட்டம் வைத்திருந்த குடும்பம் ஒன்றின் மாளிகையிலேயே 1982இல் புதிய உலக அருங்காட்சியகம் திறக்கப்பட்டு, அச்செல்வம் எவர் உழைப்பிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகக் காட்டப்படுகிறது. வடக்கே நாந்த் நகரம் 2012இல் ஆற்றங்கரையில் அடிமை ஒழிப்பு நினைவிடம் எழுப்பியது. மலாயாவின் தோட்டக் கூலிமுறை அடிமை முறை அன்று. இரண்டையும் ஒன்றாக்குவது இரு வரலாறுகளுக்கும் இழைக்கும் பிழை. எனினும் அழகிய கரையைக் காட்டும்போதே அதன் உழைப்பையும் காட்டலாம், அதனால் பயணிகள் குறைவதில்லை என்பதற்கு அவ்விரு நகரங்களும் சான்று.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் காட்டுவதற்கு எஞ்சியிருப்பது என்ன என்பதே அடுத்த கேள்வி. பலகையாலும் தகரத்தாலும் எழுந்த லயங்கள் நிலைத்திருக்கக் கட்டப்பட்டவை அல்ல; தோட்டங்கள் கைமாறி, நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் சென்று, குலை வெட்டும் வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் அமர்த்தப்பட்டபின் அவை பெரும்பாலும் இடிக்கப்பட்டன. வடசிலாங்கூரில் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. இத்தனைக்கும் தாக்குப்பிடித்து நிற்பவை கோயிலும் பள்ளியும் இடுகாடுமே. லயத்தின் முனையில் மரத்தடியில் சூலமாகவும் கல்லாகவும் தொடங்கிய மாரியம்மன், முனீஸ்வரன் வழிபாட்டிடங்கள் பல இன்று பனைக்காட்டு நடுவே தனித்து நின்றாலும், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்துபோன குடும்பங்கள் திருவிழாவுக்குத் திரும்பி வருகின்றன. புக்கிட் ரோத்தானில் அண்மைக்காலத்தில் எழுந்துள்ள ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் சிற்ப வேலைப்பாட்டால் பிற இனத்தவரையும் ஈர்க்கும் சுற்றுலாத் தலமாகிவிட்டது. ஆனால் அக்கோயிலின் அழகைக் காண வருபவர்களில் எத்தனை பேர் அதைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் வரலாற்றையும் அறிந்து செல்வர் என்பது ஐயமே. பள்ளிகளின் நிலையும் அப்படியே. தென்னமரம் உள்ளிட்ட தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அத்தகைய பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள், அவை எஞ்சியுள்ள இடங்களில், எந்தக் குடும்பம் எப்போது வந்தது, எப்போது நீங்கியது என்பதற்கு எழுத்துச் சான்றாக விளங்கும்.

இவற்றைக் கொண்டு செய்யத்தக்கவை பல, அவற்றுக்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. புக்கிட் மெலாவாத்தியில் தொடங்கி, ஆற்றோடு மேலேறி, கம்போங் குவாந்தான், ரந்தாவ் பாஞ்சாங், பெஸ்தாரி ஜெயா வழியாகத் தென்னமரம் வரை செல்லும் ஒரு மரபு வழித்தடத்தை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் மலாய், தமிழ், சீனம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் விளக்கப் பலகை வைக்கலாம். மலேசி நாவலின் தோட்டப் பகுதிகளுக்கு, தோட்ட வழக்காறுகளை அறிந்த ஒருவர் குறிப்பெழுதிய தமிழ்ப் பதிப்பு ஒன்று வேண்டும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருக்கக்கூடிய நிறுவன ஆவணங்களை, இங்குள்ள பள்ளிப் பதிவேடுகளோடும் கோயில் கணக்குகளோடும் ஒப்பிட்டுப் படிக்கும் ஆய்வைப் பல்கலைக்கழகத் துறைகள் மேற்கொள்ளலாம்.

இவையெல்லாம் சில ஆண்டுகள் காத்திருக்கக்கூடும். வாய்மொழிப் பதிவு காத்திருக்காது. ரப்பர் செம்பனைக்கு வழிவிட்ட காலத்தில் வெட்டுக்கத்தி பிடித்திருந்தவர்கள் இன்று 70 வயதைக் கடந்தவர்கள். அவர்களுள்ளும் முதலில் அணுகப்பட வேண்டியவர்கள் பெண்கள். எந்தக் கோணத்தில் பட்டையைச் சீவினால் மரம் நோகாது, மழை பெய்த மறுநாள் பால் எப்படி ஓடும், பிரசவித்து எத்தனை நாளில் பெரட்டுக்கு வந்து நின்றார்கள், குலைக்காடானபின் கூலி எவ்வளவு குறைந்தது என்பனவற்றை நாவலாசிரியரும் எழுதவில்லை, நிறுவன அறிக்கையும் எழுதவில்லை. அவர்களால் மட்டுமே சொல்ல முடியும்.